நோக்கம்: கல்வி

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சனம் நகை கழற்றாது.
அடகுப் பிரிவில் அன்றைக்குத் தராசுக்கும் ஓய்வு.
மின்விசிறிக்கு நேர்கீழே
பழைய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.
கண்ணாடியின் அரைவட்டத் துளையால்
ஒரு சோடித் தோடு உள்ளே வந்தது.
பின்னால் விரல்கள்,
உப்புவெளி ஹோட்டல்களின் படுக்கை விரிப்புத் துவைத்து
வெளிறிப்போன விரல்கள்.

யூஜினி. டிலக்சனின் அம்மா.
சனிக்கிழமைகளில் மைதானத்துப் படிக்கட்டில்
எனக்கு மூன்று படி கீழே இருப்பவள்.
மகன் இறங்காத போட்டிக்கும்
தண்ணீர்ப் போத்தலோடு வருகிறவள்.

டிலக்சனின் இடது காலைப் பற்றி
எதிரணித் தகப்பன்மாரும் பேசுவார்கள்.
அவன் கொடுத்த பந்து
வட்டியோடு அவனிடமே திரும்பி வரும்.
மார்கழிக் கிண்ணத்தில் நாலு கோல் அடித்தவன்,
தையிலிருந்து வாங்கில்.

தையில்தான் குகதாஸ் சேர்
புதனும் ஞாயிறும் பிறைவேற் தொடங்கினார்,
டச்சுக்குடா மணலில், எட்டுப் பிள்ளைகளுக்கு,
மாதம் ஆறாயிரம்.
'கட்டாயம் இல்லை' என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்.
பெற்றோர் எல்லோரும் கட்டைவிரல் காட்டினோம்.
கட்டாயம் இல்லாததற்கு
முதல் ஆளாகக் காசு கட்டியவள் நான்.

என் துவாரகன் மோசமில்லை.
ஓடுவான். சொன்னதைக் கேட்பான்.
இடதுபக்கம் அவனை இறக்கிய அன்று சேர் சொன்னார்,
"ஒழுங்கா வாறவனுக்குத்தான் வாய்ப்பு."
எங்கே ஒழுங்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.
நான் கைதட்டினேன்.
மூன்று படி கீழே ஒரு தலை
திரும்பாமலே இருந்தது.

உரைகல்லில் தேய்த்தேன். அமிலம் ஒரு சொட்டு.
கீறு அழியவில்லை.
இருபத்திரண்டு கரட், நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு,
சிவப்புக் கல்லின் நிறையைக் கழிக்கவேண்டும், அது விதி.
"எவ்வளவு வேணும்?"
"மூண்டு மாசத்துக்குப் பதினெட்டு. பூட்ஸுக்கு ஒரு ஏழு."
"கூட எடுக்கலாமே."
"வேண்டாம். மீட்கோணும்."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: நோக்கம்.
விவசாயம், மருத்துவம், கல்வி, வேறு.
"கல்வி எண்டு போடுங்கோ" என்றாள்.
பிறகு, கண்ணாடிக்குக் கொஞ்சம் கிட்ட வந்து,
"உங்களுக்குத் தெரியாததே?"

அது கேள்வியோ, வேறெதுவோ.
நல்லவேளை, அச்சு இயந்திரம் சத்தம் போட்டது.

சொல்லியிருக்கலாம்.
இந்தக் காசைக் கொடுக்காதே,
கழகக் கூட்டத்தில் கேட்போம்,
இரண்டு அம்மாமார் சேர்ந்து கேட்டால்...
நான் பேனையின் மூடியைத் தேடினேன்.
அவள் ரசீதை நாலாய் மடித்து
காதுத் துளை தூர்ந்துவிடாமல்
ஈர்க்குத் துண்டு இரண்டைச் செருகிக்கொண்டு
வெயிலுக்குள் இறங்கினாள்.

ஞாயிறு மணலில் ஒன்பது பிள்ளைகள்.
டிலக்சனின் தோளில் கை போட்டு
"எங்கயடா இவ்வளவு நாளும்?" என்றார் சேர்,
தொலைந்துபோயிருந்தவன் அவன்தான் என்பதுபோல.

அடுத்த சனி பதினொருவரில் இருவரும்.
இடதில் அவன், வலதில் என் மகன்.
யூஜினி இரண்டு படி ஏறி இருந்தாள்.
நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்,
அவள் தண்ணீர்ப் போத்தலை அங்கே வைத்தாள்.

வாங்கில் புதிதாக ஒரு பொடியன்.
காலுறையை முழங்கால் மட்டும் இழுத்து இழுத்து விட்டான்.
போன கிழமைவரை வலதில் ஓடியவன்.
பெயர் கேட்க வாயெடுத்தேன்.
கேட்டால், அவன் அம்மா எந்தப் படியில் என்று
தேடவேண்டி வரும்.

இடைவேளையில் கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
கோல் கம்பங்களுக்கு நடுவே படுத்து அசைபோட்டது.
விரட்டச் சொல்லி அவனைத்தான் அனுப்பினார்கள்.
அன்று அவன் மைதானத்துக்குள் கால் வைத்தது
அந்த ஒருதரம்தான்.
மெதுவாகத்தான் போனான்.