அகலம் திரும்பிய இரவு

வில்லிகன். ஆறே ஆற்றின் மேற்குக் கரை.
வட்டக் கட்டடத்துக்குள் இரவு மூன்று மணி.
இடுக்கியின் நுனியில் இருப்பதும் மணிதான்,
கோடானுகோடி மணி:
நாய்க்குப் போடும் எலும்பு போல வெட்டிய
நிக்கல் தகடு.
ஒரு மணியின் குறுக்கே எண்ணிப் போனால்
நூற்றுச் சொச்சம் அணுக்கள்,
அப்புறம் எல்லை.
எல்லையில் குடியிருப்பவைக்கு
எந்தப் பக்கத்து வரிசை தன்னுடையது என்று
இன்றுவரை தெரியாது.

"இழு" என்றேன்.
ஃப்ளூரின் இழுத்தான்.
திரையில் எக்ஸ் கதிரின் சிகரம்
இடுப்புப் பெருத்தது.

பெரிய மணி உலோகத்தில் கதை தெரிந்ததுதான்.
ஒரு பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை;
பிசகு ஒவ்வொரு துளையாக நகர்கிறது,
எதிரே வரும் இன்னொரு பிசகில் சிக்குகிறது,
முடிச்சு, முடிச்சின் மேல் முடிச்சு.
கையை எடுத்தாலும் அகலம் குறையாது.
பட்டதை விடாத உலோகம்.
அதைத்தான் நாங்கள்
வலுவேறியது என்று எழுதுகிறோம்.

"விடு" என்றேன்.

சிகரம் மெலிந்தது.
இன்னும் மெலிந்தது.
தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது,
ஒன்றுமே நடக்காதது போல.

பிடி வழுக்கியிருக்கும் என்றான் அவன்.
நான் என் கணக்கைச் சந்தேகித்தேன்,
அவன் திருகாணியை.
நான்கு தடவை.
நடுவில் ஒருமுறை காபி இயந்திரம்
சில்லறையை விழுங்கிக்கொண்டு கம்மென்றிருந்தது.

மேல்மாடியில் கோர்துலா
கணினிக்குள் வைத்திருக்கும் நிக்கலில்
ஒரு வாரம் ஓடினால்
ஒரு நானோ நொடிகூட நகராது காலம்.
அதில் பார்த்திருக்கிறேன்:
எல்லையில் இரண்டு மூன்று அணுக்கள்
ஜன்னலோரம் கேட்டு இடம் மாறுகின்றன.
அந்தச் சின்னச் சலசலப்பில்
பிசகு ஒன்று புறப்படுகிறது,
பாதிதான் முதலில்,
பின்னால் வரிசை கலைந்த ஒரு தளத்தை விரித்தபடி.
நடுவில் சந்திக்க யாருமில்லை.
சிக்க இடமில்லை, அவ்வளவு சின்ன மணி.
எதிர் எல்லை வாய் திறந்து
வாங்கிக்கொள்கிறது.
முடிச்சு கிடையாது.

அப்படியானால் எதுவும் நடக்கவில்லையா
என்று கேட்டான் ஃப்ளூரின்,
கையுறையைக் கழற்றியபடி.

தகட்டை எடுத்து அளந்தோம்.
முதலில் அவன். பிறகு, அவனை நம்பாமல், நான்.
ஒரு மயிரிழை நீண்டிருந்தது.
உள்ளே எங்கு தேடினாலும் சாட்சி இல்லை;
நீளம் மட்டும் பொய் சொல்லவில்லை.

பதிவேட்டில் அவன் ஜெர்மனில் எழுதினான்.
நான் எண்ணை மட்டும் எழுதினேன்.

ஐந்தரைக்கு மஞ்சள் பேருந்து.
கோட்டின் அடியில் ஒரு பொத்தான்
துளையின்றி மிஞ்சியிருப்பதை
ஏறிய பிறகுதான் பார்த்தேன்.
ப்ரூக் வரும்வரை
அதை நான் சரி செய்யவில்லை.