கழிவு போக

ராஜினாமாக் கடிதம்
ஸ்கூட்டி டிக்கியில் பத்தொன்பது நாளாகக் கிடக்கிறது,
மழைக்கோட்டுக்கும் ஆர்சி புக்குக்கும் நடுவில்.
தேதி போடவில்லை.
உடல்நிலை காரணமாக என்று எழுதியிருக்கிறேன்.
உடம்புக்கு ஒன்றுமில்லை.

மஞ்சக்குப்பம் கிளை, இரண்டாவது கவுண்ட்டர்.
பதினோரு மணிக்குள் முப்பது பேரைக் கூப்பிட வேண்டும்.
"வணக்கம், உங்கள் நகை
இந்த மாதக் கடைசியில் ஏலத்துக்குப் போகிறது."
இதை எந்தக் குரலில் சொல்வதென்று
சென்னையிலிருந்து ஒருவர் வந்து
இரண்டு நாள் வகுப்பெடுத்தார். நடுவில் வடை கொடுத்தார்கள்.
குறிஞ்சிப்பாடிக்காரர் கெட்ட வார்த்தையில்தான் ஆரம்பிப்பார்.
அவர் பரவாயில்லை.
காராமணிக்குப்பத்து அம்மா பேசவே மாட்டாள்.
பின்னால் கோழி கத்தும்.
யாரும்மா போன்ல என்று ஓர் ஆண் குரல் கேட்கும்.
ராங் நம்பர் என்பாள்.
நானும் அப்படியே பதிவேற்றுவேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
சமையலறைக்குப் பின்னால், தகர ஷீட் இறக்கிய இடத்தில்
ஒரு ஹெச்பி மோட்டார் வயிறு திறந்து கிடக்கும்.
கருகிய கம்பியை வெட்டி இழுத்தால்
என்றைக்கோ எரிந்த வாசனை இன்னும் வரும்.
புதுக் கம்பி சுற்றுவேன்.
நூற்றுப் பதினான்கு, நூற்றுப் பதினைந்து.
அப்போது யாரும் கூப்பிடக் கூடாது,
ஒன்று தப்பினால் முதலிலிருந்து.
கல்யாணத்துக்கு முன் நெல்லிக்குப்பத்தில்
காயிலுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சுற்றிய கை.
வார்னிஷ் காய்ந்து, லைன் கொடுத்து
முதல்முறை மோட்டார் உறுமும்போது
நான் சிரிக்கிறேனாம்.
தணிகாசலம் சொல்கிறார். எனக்குத் தெரியாது.

கணக்கெல்லாம் போட்டாயிற்று.
பிஎஃப் போகச் சம்பளம் பதினாறாயிரத்து இருநூறு.
லாரன்ஸ் ரோட்டுக்குப் பின் சந்தில் ஒரு ஷட்டர்,
வாடகை ஐந்து, அட்வான்ஸ் ஐம்பது.
இளவேனிக்கு ஜூனில் ஸ்கூல் பீஸ்.
ஆடி கழியட்டும் என்கிறார் தணிகாசலம்,
போன ஆடிக்கும் அதையே சொன்னவர்.
கடையில் யாரும்மா உட்காருவா, சாரா?
ஷட்டரைத் தூக்க முடியுமா உன்னால்?
கேட்ட வீட்டுக்காரருக்குத் தூக்கிக் காட்டினேன்.
பாதியில் சிக்கியது. கிரீஸ் போட்டு வருஷமாகிறது.

தேவனாம்பட்டினத்துப் பக்கமிருந்து
உப்புக்காற்று வீசுகிறவரை
இந்த ஊரில் மோட்டார்கள் எரிந்துகொண்டுதான் இருக்கும்.
இதற்குப் பெயர் வியாபாரத் திட்டமா, தெரியவில்லை.
கடலை நம்பித்தானே பாதி ஊர் உலை வைக்கிறது.

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில்
கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.
இரண்டு வளையல்.
விளையாட்டென்று நினைத்து சுபாஷிணி சிரித்தாள்.
பிறகு கல்லில் உரசினாள், அமிலம் விட்டாள், தராசில் வைத்தாள்.
"பதினாறு கிராம் நானூறு மில்லி.
அழுக்கு, கழிவு போக..."
கழிவு என்று சொல்லும்போது
ஆளின் முகத்தைப் பார்க்காதே என்று
அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.
அவள் பார்க்கவில்லை.

கடனின் நோக்கம்.
மருத்துவம், கல்வி, விவசாயம், தொழில், குடும்பச் செலவு.
ஏழு வருஷமாக வந்தவர்களுக்கெல்லாம்
கடைசிக் கட்டத்தில் நானே டிக் போட்டிருக்கிறேன், கேட்காமலே.
யாரும் ஏன் என்றதில்லை.
"குடும்பச் செலவுதானேக்கா?"
பேனா காகிதத்துக்குப் போய்விட்டிருந்தது.
இரு, என்றேன்.
கொடு, நான் போடுகிறேன்.

கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை.
சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஓரம் நனைந்திருக்கிறது,
வேறு தாளில் எழுத வேண்டும்.
பணத்தை மட்டும் நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.
சாவியோடு அரை டப்பா கிரீஸும் கொடுத்தார் வீட்டுக்காரர்.

பதினோராம் மாதம்
என் நாற்காலியிலிருந்து ஒருத்தி கூப்பிடுவாள்.
வணக்கம், உங்கள் நகை.
குரல் சரியாக இருக்கும், பாவம், வடை சாப்பிட்டிருப்பாள்.
அவளுக்கு என்ன பதில் வைத்திருப்பேன் என்று
இப்போது சொல்ல முடியாது.
நூற்றுப் பதினைந்தில் இருந்தால்
எடுக்க மாட்டேன்.