கரை போடுதல்

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட
எங்கள் அச்சகத்தில் நூற்றுப் பதினேழு கரைகள்
கொம்பியூட்டரில் ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றன.
கலியாணத்துக்குக் கொடிமல்லி.
சாமத்தியவீட்டுக்கு இரண்டு மயில்கள்,
ஒன்றையொன்று பாராமல்.
ரியூசன் நோட்டீசைச் சுற்றிப்
பென்சில்கள் தலைக்குத் தலை படுத்திருக்கும்.
கறுப்பு ஒன்றுதான். இரண்டு மில்லிமீற்றர்,
காசுள்ள வீடென்றால் நாலு.

போடர் என்று சொல்கிறவர்கள்
கொழும்பில் படித்துவிட்டு வந்த பெடியன்கள்.
அந்தச் சொல் கேட்டால்
வரிசையில் நிற்கிற வயதானவர்களின் கை
அடையாள அட்டையைத் தேடிப் போகிறது.
மற்ற எல்லோருக்கும் கரைதான்.
சீலைக்கடையில் போலவே
திரையை விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

எங்கள் பிரதேச சபைக்குப் பேரே கரைச்சி.
அவர்களின் படிவம் அடிக்கிற கிழமையில்
கமலேந்திரன் அண்ணைக்கு ஒரே கரைச்சல்.
புத்தகம் கட்டுகிற அந்தோனிமுத்துவுக்குக்
கரையென்றால் முல்லைத்தீவு மணல்;
ஞாயிறு கரைவலை இழுத்த கை
திங்கள் பசை தடவும்.
காகம் கரைகிறது. உப்புக் கரைகிறது.
காணி வழக்கில் காசு கரைகிறது.
"கரையில நில்" என்கிறான் பஸ் கொண்டக்டர்,
பஸ்ஸுக்குள் ஏது கரை?

"ரெண்டைக் கரைசேர்த்திட்டன்" என்று
மூன்றாவது மகளின் கார்டுக்கு முற்பணம் வைத்தார் ஒருவர்.
அவரைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றி வந்தவள் அந்த மகள்.
முற்பணமும் அவளுடைய பேர்சில் இருந்துதான் வந்தது.
குளக்கரை வீதியை நான் ஒருமுறை
குளக்கறை வீதி என்று அடித்துவிட்டேன்,
நானூறு அழைப்பிதழ்.
மாப்பிள்ளை சிரித்தார்.
மற்றவர்கள் சிரிக்கவில்லை.

மாசி மாதம், கடை திறந்த கையோடு
யோகநாயகி அக்கா வந்தா.
கடவுச்சீட்டு அளவில் ஒரு படம். நீலத் திரை,
காதுக்குக் கீழே
பாடசாலை முத்திரையின் பாதி வட்டம்.
"பெரிசாக்கித் தா. கையில பிடிக்கிற அளவு."
வீதியோரப் பந்தலில் இருக்கிறவ.
பந்தலில் தொங்குகிற நாள்கணக்கை
அடித்துக் கொடுப்பது நான்தான்,
ஒவ்வொரு நூறுக்கும்.

கீர்த்திசீலனைத் திரையில் ஏற்றினேன்.
பழக்கதோஷம், பெட்டியைத் திறந்துவிட்டேன்.
"கறுப்பு வேண்டாம்."
தெரியும் அக்கா.
"பூவும் வேண்டாம்."
மெல்லிசாய் ஒரு கோடு?
"கோடு போட்டால் சட்டம் மாதிரி இருக்கும்.
சட்டத்தைக் கண்டால் ஆராவது
சுவரில ஆணி அடிப்பினம்.
கரை இல்லாமல் அடி."

அடித்தேன்.
எங்கள் மெஷின் தாளின் விளிம்புவரை போகாது.
சுற்றிவர ஐந்து மில்லிமீற்றர் விட்டுவிடும்,
மை எட்டாத வெள்ளை.
"இது ஆர் போட்டது?"
ஒருத்தரும் போடேல்லை அக்கா, தானாய் வாறது.
"தானாய் ஒண்டும் வாறேல்லை, பிள்ளை."

அதற்குப் பிறகு நான் பேசவில்லை.
அந்தோனிமுத்து அடிமட்டத்தை வைத்து
நாலு பக்கமும் வெட்டினான்.
கடைசி வெட்டில் முத்திரையிலும் கொஞ்சம் போனது.
நாலு வெள்ளை நாடாக்கள் மேசையில் சுருண்டன.
அவ அவற்றைப் பொறுக்கிப்
பேர்சுக்குள் வைத்தா.

மழைக்கு லமினேற் பண்ணவோ என்றேன்.
"பண்ணு."
சூட்டிலிருந்து வெளியே வந்தபோது
அவனைச் சுற்றி ஒரு விரலகலம்
பிளாஸ்ரிக், வெறும் கண்ணாடி மாதிரி.
அதையும் வெட்டினால் ஈரம் உள்ளே போய்விடும்.
எப்படிச் சொல்வதென்று நான் நிற்க,
அவ படத்தை வாசல்பக்கம் தூக்கிப் பிடித்தா.

"இது இருக்கட்டும்.
இதுக்குள்ளால றோட்டுத் தெரியுது."