முப்பது எண்ணும் வரை

உடல் ஒன்றுதான், பெயர்தான் ஆறு.
பெயர் வைப்பது என் வேலை.
நாற்பத்தோராம் நிலையத்தில்
அளவுச் சட்டத்தைக் காரின் மூக்கில் பொருத்தி
முத்திரையின் முதுகுத் தாளை உரித்து
கட்டைவிரலால் அழுத்த வேண்டும்,
முப்பது எண்ணும் வரை.
குளிர்காலத்தில் நாற்பது. பசைக்குக் குளிர் ஆகாது.

பணக்காரர்களுக்கு செரெனே.
அவர்களைப் போலத் தெரிய விரும்புகிறவர்களுக்கு தார்தோ.
கார்னோ, வாடகை வண்டிக்காரர்களுக்கு.
கதவு ஒன்றே, கண்ணாடி ஒன்றே,
கதவைச் சாத்தும் ஓசையும் ஒன்றே.
கூடு ஒன்றில் ஆறு உயிர் பாய்ச்சும் வித்தை
என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

புரூமா என்றால் எங்கள் மொழியில் மூடுபனி.
போ நதிச் சமவெளியில் நவம்பரில்
கதவைத் தட்டாமல் உள்ளே வரும்.
யார் வைத்தார்களோ ஒரு காருக்கு அந்தப் பெயரை!
மூடுபனியில் ஓட்ட யாருக்குப் பிடிக்கும்?
ஆனாலும் வாங்கினார்கள்,
அறுபத்தெட்டு ஆண்டுகள்.

மார்ச்சில் பாரீஸிலிருந்து ஒருவர் வந்தார்.
சாப்பாட்டுக் கூடத்தில் திரை கட்டினார்கள்.
திரையில் ஆறு வட்டங்கள்.
ஒரு சொடுக்கு. மூன்று.
"கொல்லவில்லை" என்றார், "உறங்க வைக்கிறோம்."
பின்வரிசையில் ஜெம்மா கேட்டாள்:
"எத்தனை மணிக்கு எழுப்பணும்?"
அவர் தண்ணீர் குடித்தார்.

மிஞ்சிய மூன்றும் மின்சாரத்துக்கு மாறும்.
உடனே இல்லை. நடுவில் சில ஆண்டுகள் ஹைபிரிட்:
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்,
இரண்டு காலுக்கும் சேர்த்து எட்டு ஆண்டு உத்தரவாதம்.

எஞ்சின் பிரிவிலிருந்து துல்லியோ
பேட்டரிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தான்.
நானூறு வோல்ட், ஆரஞ்சு நிறக் கேபிள்கள்.
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்,
உடம்பில் உலோகம் கூடாது:
கடிகாரம், சங்கிலி, மோதிரம்.
மோதிரம் வரவில்லை.
விவாகரத்தாகி ஆறு ஆண்டுகள்.
நீதிமன்றத்தில் கையெழுத்திட்ட அன்று வரவில்லை,
மார்த்தீனா சாமான்களை ஏற்றிய அன்றும் வரவில்லை.
விரல் வீங்கிவிட்டது என்பான். நாங்களும் நம்பினோம்.
முதலில் சோப்பு,
பிறகு எஞ்சின் எண்ணெய், கடைசிப் பீப்பாயிலிருந்து.
வந்துவிட்டது.
மோதிரம் இருந்த இடம்
முத்திரை பிடுங்கிய கார்மூக்கு மாதிரி
வெளுத்துக் கிடந்தது.
அதன்மேல் ரப்பர் கையுறையை மாட்டினான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை, நல்லவேளை.

கடைசிப் புரூமா ஒரு வியாழக்கிழமை வந்தது.
புகைப்படம் இல்லை, கேக் இல்லை.
பின்னால் ஒரு செரெனே காத்திருந்தது.
முப்பது எண்ணினேன்.
முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.
வரிசை நகர்ந்தது, விரலை எடுக்காமல் நானும் நடந்தேன்
நாற்பத்திரண்டாம் நிலையம் வரை.
எதோரே துடைப்பானைப் பொருத்தியபடி நிமிர்ந்து பார்த்து
"வழி தவறிட்டியா, ஓர்னெல்லா?" என்றான்.

மிச்சமான முத்திரைகளை எடைக்குப் போட்டார்கள்.
கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
குரோமியம் பூசிய பிளாஸ்டிக்குக்கு விலை கிடையாதாம்,
அள்ளிப் போக நாம்தான் காசு தர வேண்டுமாம்.

புதிய கார்களில் ஒட்டுவதற்கு எதுவுமில்லை.
முகத்துக்குப் பின்னால் விளக்கு.
பெயர் தானே எரியும், பூட்டினால் அணையும்.
எனக்கு இப்போது ஒரு பிளக். டிக் என்றால் சரி.
சுண்டுவிரல் போதும்.
ஆனாலும் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு
கையை எடுக்காமல் நிற்கிறேன், எண்ணிக்கொண்டு.

செப்டம்பரில் புதிய வண்ண அட்டை வந்தது.
செரெனே மின்கார், ஏழு நிறங்களில்.
நான்காவது, ஒரு சாம்பல்:
'புரூமா'.
எழுநூறு யூரோ கூடுதல்.
உறங்குகிறது என்றாரே,
இதுதான் படுக்கை போலிருக்கிறது.

இன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
இருநூற்றுப் பதினாறு கார்கள்.
எல்லோரும் வெள்ளைதான் கேட்கிறார்கள்.