அறை 214

முதல் பாடத்தில் ஒரு விளக்கைக் கண்சிமிட்ட வைத்தோம்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்பு விளக்கு.
கணினியில் நாலு வரி, ஒரு யுஎஸ்பி வயர்.
எட்டாம் வகுப்பு மொத்தமும்
முட்டை உடைந்து குஞ்சு வருவதைப் பார்ப்பதுபோல்
குனிந்து நின்றது.

இரண்டாம் பாடத்தில் லென்னார்ட் ஒரு மோட்டாரை எரித்தான்.
நாற்றம் மூன்று நாள் திரைச்சீலையில் இருந்தது.
'நான் சொன்னதைத்தான் அது செய்தது, ஃப்ராவ் தில்லை.'
அதுதானடா பிரச்சினை.
சொன்னதை மட்டுமே செய்கிற ஒன்றிடம்
சொல்லாமல் விட்டது என்னவென்று பார்.

அப்பாவின் முழுப்பெயர் தில்லையம்பலம்.
வுப்பர்டாலுக்கு வந்த முதல் வாரமே
அம்பலத்தைக் கழற்றி வைத்துவிட்டேன்.
யார் வாயிலும் அது நுழையவில்லை.

மூன்றாம் பாடம், நிபந்தனை.
ஜெர்மனிலும் கணினியிலும்
சந்தேகம் முதலிலேயே வந்து வாசலில் நிற்கும்.
தமிழில் எல்லாம் சொல்லி முடிகிற நேரத்தில்
ஒரு 'ஆல்' வந்து ஒட்டிக்கொள்ளும்.
இருட்டினால். மழை பிடித்தால். அவள் வந்தால்.
அந்தக் கடைசி எழுத்துவரை
வந்தேவிட்டாள் என்று நினைத்திருக்கலாம்.
இதையெல்லாம் வகுப்பில் சொல்லவில்லை.
பலகையில் ஓர் அம்பு மட்டும் போட்டேன்.

பாடம் முடிந்து சாமான் எண்ணும்போது
ஒளியுணரி பட்டியலில் பன்னிரண்டு,
பெட்டியில் பதினொன்று.
'திங்கள் தருகிறேன்' என்றாள் மெர்வே,
ஜன்னலைப் பார்த்தபடி.

வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு
ஹவுஸ்மைஸ்டர் பிறைங்கர் அழைத்தார்.
உங்கள் அறையில் ஏதோ மினுங்குகிறது.
நிற்கிறது. மறுபடி மினுங்குகிறது.
தீப்பிடித்தால், கையெழுத்துப் போட்டது நீங்கள்தான்.

சோற்றை மூடி வைத்துவிட்டுத் தொங்குரயில் ஏறினேன்.
தலைக்கு மேலே தண்டவாளம், காலுக்குக் கீழே ஆறு,
மழை இரண்டுக்கும் பொது.
வளைவில் பெட்டி ஒருபக்கம் சாய்ந்தபோது
பள்ளிக்கூடம் வந்தது.
இரண்டாம் மாடியில் எங்கள் ஜன்னல்
ஒருமுறை சிவந்தது.
ரயில் தாண்டியதும் அணைந்தது.

முடிவில்லாச் சுழற்சி என்று நினைத்துத்தான் படியேறினேன்.
நிறுத்து என்று எழுத யாராவது மறப்பார்கள்,
ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.
பிறைங்கர் சாவிக்கொத்தோடு நின்றார்.

கண்ணாடியில் ஒட்டுத்தாளால் ஒட்டிய பன்னிரண்டாவது உணரி,
ஆற்றைப் பார்த்தபடி.
அதன் கீழே ஏதோ சைக்கிளிலிருந்து கழற்றிய பின்விளக்கு,
நேரே ஐந்து வோல்ட்டில்.
நடுவில் மின்தடை இல்லை.
தொட்டேன், சுட்டது.

நிரலின் தலையில், கணினி படிக்காமல் தாண்டிப்போகும் வரியில்,
எழுத்துப்பிழையோடு:
'அம்மா ஓட்டும் வண்டி 21:52, 22:40.
எது அவளுடையது என்று உணரிக்குத் தெரியாது.
எல்லாவற்றுக்கும் எரியும். பரவாயில்லை.'

'பிடுங்கிவிடவா?' என்றார் பிறைங்கர்.
மணி 21:49.
மூன்று நிமிடம் என்றேன்.
அவர் ஒரு மேசையில் உட்கார்ந்தார்,
உட்காரக் கூடாது என்று அவரே எழுதி ஒட்டிய மேசை.

வந்தது. ஜன்னல் வரிசை மழையில் கரைந்து நீண்டு
எங்கள் முகங்களின் மேல் ஓடியது.
விளக்கு எரிந்தது.
ஓட்டுநர் கண்ணாடிக்குப் பின்னால் உயர்ந்தது
கையா, வைப்பரா,
சரியாகத் தெரியவில்லை.
பிறைங்கர் கை என்றார்.

இழுப்பறையில் தேடி எடுத்தேன்.
சிவப்பு, சிவப்பு, பழுப்பு. இருநூற்றிருபது ஓம்.
வயரைப் பிரித்து நடுவில் செருகினேன்.
அடுத்த வண்டிக்குக் கொஞ்சம் மங்கலாக எரிந்தது,
சுடாமல்.
இன்னும் 22:40 இருக்கிறது.

மின்தடையை மறந்ததற்குத் திங்களன்று
மதிப்பெண் குறைப்பேன். அதில் மாற்றமில்லை.
போகும்முன் பட்டியலைத் திறந்து
ஒளியுணரி பன்னிரண்டு, சரி
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்,
முழுப்பெயரில்.