விறைப்பு, பன்னிரண்டாம் கிழமை

இரவு டியூட்டி முடிந்து வந்து
கால் விறைச்சுப்போச்சு என்றால்
எங்கள் வீட்டில் சுடுதண்ணி வரும், சித்தாலேப வரும்.
ருஷ்தா மட்டும்
இன்னும் கொஞ்சம் விறைக்க வேணும் என்கிறாள்.

கிழமைக்கு மூன்று நாள்
மக்கெய்சர் மைதானத்தின் ஓரம்.
முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து இறங்கி
நிலம் சுட்டதுபோல எழும்ப வேணும்.
நூற்றியிருபது தரம். அவள் எண்ணுவாள்.
டச்பே மணலில் குதிக்கலாமே என்றேன்.
மணல் வாங்கினதைத் திருப்பித் தராது,
என்ர மச்சான் மாதிரி, என்றாள்.

பள்ளிக்கூடப் பெடியள் பார்க்க
முப்பத்தாறு வயதில் துள்ளுகிறாயே,
நாண் இல்லையா என்றால்
இருக்கிறது,
குதிக்கு மேலே, ஒரு சாண் நீளத்தில்.

ஸ்கேன் திரையில் பார்த்தேன்.
காலெல்லாம் குளிர்ந்த ஜெல்.
மேலே கெண்டை, சாம்பல் வயிறு புரள.
கீழே நாண்,
எண்ணெய் வைத்து வாரிய மயிர்போல வெள்ளைக் கோடுகள்.
மீனும் வில்லும் ஒரே காலுக்குள்.
மூன்றாவது கொடியைப் பற்றி
நான் பகிடி விடவில்லை.

குதிக்கும்போது தசை என்ன செய்யும் என்று கேட்டேன்.
பிடித்துக்கொண்டு நிற்கும், என்றாள்.
நீளுவதும் சுருங்குவதும் நாணின் பாடு.
தசை ஆடாமல் நின்றால்தான்
நாண் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும்.
வார்ட்டில் நாலு இரவு
சேலைன் சொட்டுவதைப் பார்த்தபடி
அதையே யோசித்தேன்.

இன்னொரு நாள் ஜெல்லைத் துடைத்தபடி சொன்னாள்:
பதினேழு வயதோடு
குதிநாணின் உள்நார் கிட்டத்தட்ட முடிந்துபோகுமாம்.
தோல் மாறும், இரத்தம் நாலு மாதத்தில் மாறும்,
இது அன்றைக்கு முறுக்கினதுதான்.

பதினேழு.
சம்பூரிலிருந்து வெருகல் வரைக்கும் நடந்ததை
நான் அவளிடம் சொன்னதில்லை.
அவளும் அதே மாதம்
மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்தவள் என்று
பார்மஸிக்கார ஜெயசுதாதான் சொன்னாள்.
எந்தச் செருப்போடு என்றுகூட
நாங்கள் கதைத்ததில்லை.
அவள் துவாயை மடித்தாள்.
நான் சப்பாத்து லேஸைக் கட்டினேன்,
அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன்.

பன்னிரண்டாம் கிழமை அளவெடுத்தோம்.
நாணின் கணக்கு ஏறக்குறைய பழையதுதான்.
தசையின் விறைப்பு கூடியிருக்கு.
துள்ளல் நாலு சென்ரிமீற்றர் கூட.
ருஷ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
பிழை பிடிக்கிறவள் மாதிரி.
பிறகு, கயிறு பழசு, என்றாள்,
பிடிக்கிற கை பழகியிருக்கு.
அடுத்த சனி வலிபோல் மட்ச்.
என் விரல் வலைக்கு மேலே தெரியும்.
நெற் போலில் நிற்கிற அம்பயர் வேறு யார், அவள்தான்.

நேற்று மழை விட்ட பிறகு
உள்துறைமுக வீதியில் கான் நிரம்பிக் கிடந்தது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
சும்மா தாண்டிப் போய்
அந்தக் கரையில் பஸ் ரிக்கற்றைச் சப்பியது.
நான் குடையை மடக்கி
பையை இறுக்கிக்கொண்டேன்.
ஓடி வரவில்லை.
இரண்டு காலும் சேர்த்து.