சரிவு

ரூவியில் மூன்றாம் மாடி.
பழைய டைல்ஸைப் பெயர்த்தாயிற்று.
கதவோரம் நின்று ஃபெலிசிட்டா கேட்கிறாள்:
"ஓட்டை நடுவிலா, மூலையிலா?"
தண்ணியைத்தான் கேட்கணும் என்றேன்.

ஒரு பக்கெட் கவிழ்த்தேன்.
கதவை நோக்கியே வந்தது,
பதினோரு வருஷமாய் வந்த வழி,
மிதியடி அழுகிய வழி.

மீட்டருக்கு ஒன்றரை சென்டி.
குறைந்தால் தேங்கும்,
கூடினால் சோப்புக்காலோடு ஆள் சரியும்.
சுவரில் பென்சில் கோடு இழுத்தேன்.
பெரிய டைல் வேண்டுமாம்.
பெரிய டைல் நாலு பக்கமும் சரியாது,
வெட்டணும் என்றதும்
முகம் கொஞ்சம் வாடியது.

பிறகு சொன்னாள்:
ஜூலையில் ஊருக்குப் போய்த் திரும்பினால்
வீடெல்லாம் சாக்கடை நாற்றம்.

டிராப்பில் தண்ணீர் வற்றிவிடுகிறது,
வேறொன்றுமில்லை.
ஆளில்லாத வீட்டுக்கு
அந்த ஒரு குவளைதான் காவல்.

ஏசி சொட்டுகிற குழாயை
அதற்குள் திருப்பிவிட்டேன்.
நாற்பது நாளும்
காற்றைப் பிழிந்த ஈரம்
சொட்டுச் சொட்டாய் வந்து
காவல் மாற்றும்.

"இருபத்தெட்டில் ஓடவிட்டுப் போங்க."

"கரண்டு பில்?" என்றாள்.

பதில் சொல்லவில்லை.
முதல் சொட்டு விழுகிறதா என்று
இருவரும்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.